ஒரு குடம் நல்ல தண்ணீரும் ஒரு கைப்பிடி விதையும்

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)



கடலோரத்தில் குடியிருக்கிற யாரையாவது "வீட்டில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்க மண்ணு உப்பு மண்ணு தம்பி, வெதை போட்டா வெதைதான் நட்டம்" என்றுதான் பதில் வரும். கிள்ளை, முடசல் ஓடை, பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் என்று எங்கள் பக்கத்தில் எந்த ஊரில் கேட்டாலும் இதே பாட்டுதான். இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் பிச்சாவரத்துப் பக்கம். அப்பா உப்பங்கழியில் வலை போடுகிறவர். அம்மா நடவு, களையெடுப்புக்குப் போகும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிப்பவன் நான்தான் முதல். மாதக் கடைசியில் குழம்பில் மீன் இருக்கும், காய் இருக்காது. காய் என்றால் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் என்று ஆகிவிட்டது. ஆனால் எங்கள் ஆயா காலத்தில் கொல்லையில் இல்லாத காய் இல்லையாம். இன்று எங்கள் கொல்லையில் மறுபடி கத்திரியும், பீர்க்கும், வெண்டையும் காய்க்கின்றன. அதில் பாதி ஆயாவின் அனுபவம். மீதி, நாம் முதலாம் ஆண்டில் படித்த இயற்பியலும் வேதியியலும்தான்! அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

விதைக்கு என்ன வேண்டும்?

விதை என்பது தூங்குகிற செடி. உள்ளே ஒரு சின்னக் கரு இருக்கிறது. அது முதல் சில நாள் சாப்பிட உணவு இருக்கிறது. மேலே ஒரு உறை. அவரை விதையை ஊறவைத்து இரண்டாகப் பிளந்து பார்த்தால் மூன்றும் கண்ணுக்கே தெரியும்.

அது விழித்தெழ மூன்று பொருள் வேண்டும்: ஈரம், காற்று, வெப்பம். தண்ணீரைக் குடித்து விதை உப்பும். உள்ளே நொதிகள் வேலையைத் தொடங்கி மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும். முதலில் வேர் இறங்கும், பிறகுதான் தண்டு எழும்பும். வேர் இறங்கும் வரை விதைக்கு உரம் தேவையில்லை. சாப்பாடு கட்டிக்கொண்டுதான் அது வந்திருக்கிறது.

காற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விதையும் மூச்சு விடுகிறது. தண்ணீர் தேங்கி மண்ணில் காற்று இல்லாமல் போனால் விதை அழுகிவிடும். "மொளைக்கல, மொளைக்கல"ன்னு தினமும் தண்ணியை ஊத்துறவங்க வீட்டில் இதுதான் நடக்கிறது. ஆழமாகப் புதைத்தாலும் இதே கதிதான். விதையின் கனத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். பாகல், புடலை என்றால் ஒரு விரற்கணு. கத்திரி, தக்காளி என்றால் அரை சென்டிமீட்டர். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே லேசாக மண்ணைத் தட்டிவிட்டால் சரி.

உப்பு என்ன செய்கிறது?

மீனுக்கு உப்புப் போட்டுக் கருவாடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு, மீனில் உள்ள தண்ணீரை வெளியே இழுத்துவிடுகிறது. மாங்காயில் உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் தண்ணீர் விட்டு நிற்கிறது. இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். தண்ணீர், உப்புக் குறைந்த இடத்திலிருந்து உப்பு அதிகமான இடத்துக்குப் போகும். இதே வேலைதான் மண்ணிலும் நடக்கிறது. மண் ஈரமாகவே இருந்தாலும் அந்த ஈரத்தில் உப்பு அதிகம் என்றால் விதையால் அதைக் குடிக்க முடியாது. தண்ணீருக்கு நடுவிலேயே தாகத்தில் கிடக்கும்.

உப்பை எப்படி அளப்பது? மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, சாறு வடித்து, அதில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்ப்பார்கள். உப்புக் கூடக்கூட மின்சாரம் நன்றாகப் பாயும். இதன் அலகு மீட்டருக்கு இத்தனை டெசி சீமன்ஸ். அளவு 4-ஐத் தாண்டினால் அது உவர் மண். கடல் தண்ணீர் 50 அளவில் இருக்கும். அதாவது லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு.

எல்லாக் காய்க்கும் ஒரே தாங்குசக்தி இல்லை. எந்த அளவு வரை விளைச்சல் குறையாமல் தாங்கும் என்று ஆராய்ந்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். பீன்ஸ் 1, வெங்காயம் 1.2, மிளகாய் 1.5, தக்காளி 2.5, பீட்ரூட் 4, தட்டைப்பயறு 4.9. இது வளர்ந்த செடியின் கணக்கு. முளைவிட்ட பிஞ்சுப் பருவத்தில் பெரும்பாலான காய்கறிகள் இன்னும் பலவீனமானவை. 'உப்பு மண்ணில் விதை வராது' என்று பெரியவர்கள் சொல்வது இந்தப் பிஞ்சுப் பருவத்தை வைத்துத்தான். அந்தப் பருவத்தைத் தாண்டவைத்துவிட்டால் கதையே வேறு.

சிவில் நண்பர்களுக்கு இது புதிதல்ல. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. கான்கிரீட்டுக்கே இத்தனை கட்டுப்பாடு என்றால், உயிருள்ள விதைக்கு எத்தனை கவனம் வேண்டும்!

சுரபுன்னை நடத்தும் பாடம்

பிச்சாவரம் என்றதும் உங்களுக்கு நினைவு வருவது படகு சவாரியும் சினிமாப் படப்பிடிப்பும்தானே? ஆனால் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற இந்தக் காடு ஒரு பெரிய வகுப்பறை.

அடுத்த முறை படகில் போகும்போது சுரபுன்னை மரத்தில் முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்குவதைப் பாருங்கள். அது காய் இல்லை, நாற்று! விதை மரத்திலேயே முளைத்து, தாய் மரத்திலிருந்து உணவு வாங்கி நன்றாக வளர்ந்த பிறகுதான் கீழே விழுகிறது. விழுந்த இடத்தில் வேர் பிடித்துக்கொள்கிறது. முளைக்கிற பருவத்தை உப்புச் சேற்றில் கழிக்காமல், தாய் மடியிலேயே கழித்துவிடுகிறது.

இரண்டாவது பாடமும் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தக் காட்டில் பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து பள்ளமானது. அலையில் உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி ஆவியாகி, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் உப்பில் வாழப் பிறந்த சுரபுன்னையே அங்கே வளரவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும், வனத்துறையும், ஊர் மக்களும் சேர்ந்து மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். அலைத் தண்ணீர் வந்து வந்து போனது. தேங்கிய உப்பு குறைந்தது. நட்ட கன்றுகள் பிழைத்தன.

ஆக, காடு சொல்லும் பாடம் இரண்டு. ஒன்று, குழந்தையை வளர்த்து உப்பில் இறக்கு. இரண்டு, தண்ணீர் வடிந்தால்தான் உப்பு போகும். எங்கள் கொல்லைத் தோட்டத்தின் ரகசியமும் இவ்வளவுதான்.

ஒரு குடம் கணக்கு

முதல் பாடத்தை எப்படிச் செய்வது? நாற்றங்கால் போட்டுத்தான். பெரிய இடம் வேண்டாம். உடைந்த மண்சட்டி, பழைய வாளி, அடியில் ஓட்டை போட்ட டப்பா, எதுவும் ஆகும். மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். நம்ம கான்கிரீட்டுக்கு ஆகாதது நாற்றுக்கும் ஆகாது! தேங்காய் நார்க்கழிவு போடுவதாக இருந்தால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். அதிலும் உப்பு இருக்கும்.

அடுத்தது தண்ணீர். "குடிக்கவே நல்ல தண்ணி இல்ல, இதுல செடிக்கு எங்க போறது?" என்று அம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சட்டி நாற்றுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் போதும். முப்பது நாளுக்கு 15 லிட்டர். அதாவது ஒரே ஒரு பிளாஸ்டிக் குடம்! ஒரு சட்டியில் ஐம்பது நாற்று வரும். ஒரு வீட்டுக்குப் பத்துக் கத்திரிச் செடியே அதிகம்.

அந்த ஒரு குடமும் வானத்திலிருந்தே வரும். 10 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லி மீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர். கார்த்திகை மழையில் ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடலாம். கொசு முட்டையிடாமல் துணி கட்டி மூடிவைத்தால் ஆறு சட்டி நாற்றுக்கு ஆகும்.

நாற்றங்கால் போட வேண்டியவை கத்திரி, தக்காளி, மிளகாய். தக்காளி 25 நாளில் நடவுக்கு வரும். கத்திரி 30 முதல் 35 நாள். மிளகாய் 40 நாள் வரை ஆகும். நெருக்கமாக விதைத்து ஈரமும் அதிகமானால் நாற்று கழுத்தோடு ஒடிந்து சாயும். இது நாற்றழுகல் நோய். விதையை இடைவெளி விட்டுப் போடுவதும், காலையில் மட்டும் தண்ணீர் தெளிப்பதும் பாதி மருந்து.

பாகல், புடலை, பீர்க்கு, சுரை ஆகியவற்றுக்கு வேரைப் பிடுங்கி நட்டால் பிடிக்காது. அவற்றை ஓட்டை போட்ட பால் கவரிலோ காகிதக் குவளையிலோ ஒவ்வொன்றாக முளைக்கவைத்து, இரண்டு இலை விட்டதும் மண் கட்டி உடையாமல் அப்படியே இறக்க வேண்டும். பாகல் விதையின் ஓடு கெட்டி. ஓர் இரவு ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும்.

வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, முள்ளங்கி, கீரை இவற்றை நேராக மண்ணில்தான் விதைக்க வேண்டும். இவை சீக்கிரம் முளைக்கும் சாதி. முள்ளங்கியும் தட்டைப்பயறும் நாலு நாளில், வெண்டை ஒரு வாரத்துக்குள் எட்டிப் பார்க்கும். அந்த ஒரு வாரம் மட்டும் நல்ல தண்ணீர் தெளித்தால் போதும்.

ஆடியா, தையா?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று கேள்விப்பட்டிருப்போம். பொதுவாக அது சரிதான். ஆனால் உப்பு மண்ணுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு.

நமது மாவட்டத்தில் வருடத்து மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் கொட்டுகிறது. அந்த மழை மண்ணின் மேல் உப்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. அதனால் மார்கழி, தையில் மண் மிகவும் இனிப்பாக இருக்கும். பிறகு வெயில் ஏற ஏற, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, அடியிலுள்ள உப்பு ஈரத்தோடு மேலே ஏறும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மேலே வெள்ளையாகப் பூத்து நிற்கும். ஆனி, ஆடியில் எங்கள் கொல்லையைப் பார்த்தால் சுண்ணாம்பு தெளித்தது போலத் தெரியும்.

எனவே எங்கள் பக்கத்துக்குத் தைப்பட்டம்தான் ராஜா. மார்கழி முதல் தேதி சட்டியில் கத்திரி விதைத்தால் தைப் பொங்கல் முடிந்த கையோடு நடலாம். பங்குனியில் காய் பறிக்கலாம். வெயில் உச்சத்துக்கு வருவதற்குள் பாதி அறுவடை முடிந்திருக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: கொடி அவரை. பகல் பொழுது குறையும்போதுதான் அது பூக்கும். அதனால் அதை ஆடியில் விதைத்தால் மார்கழி, தையில் சரம் சரமாகக் காய்க்கும். தையில் விதைத்தால் இலைதான் மண்டும். ஆடியில் மண் உப்பாக இருக்குமே என்கிறீர்களா? ஓரடி உயர மேடு போட்டு, எருவும் வெளி மண்ணும் கலந்து நிரப்பி, அதில் விதையுங்கள். ஐப்பசியில் தண்ணீர் தேங்கினாலும் அந்த மேடே காப்பாற்றும்.

மண்ணை எப்படித் தயார் செய்வது?

இங்கேதான் காட்டின் இரண்டாவது பாடம் வருகிறது. மழைக்கு முன்பே கொல்லையைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்குச் சிறு வாய்க்கால் வெட்டி, தாழ்ந்த பக்கம் வடியவிட வேண்டும். மழை கரைக்கிற உப்பு அந்த வழியாகப் போகும். வாய்க்கால் இல்லாவிட்டால் கரைந்த உப்பு அங்கேயே நின்று மறுபடி மேலே வரும்.

மழை தொடங்கும்போது தக்கைப்பூண்டு விதையைத் தூவிவிட்டுப் பூக்கும் பருவத்தில் மடக்கி மண்ணில் மிதித்துவிடலாம். உவர் மண்ணையும் தண்ணீர் தேக்கத்தையும் தாங்கி வளரக்கூடிய பசுந்தாள் உரம் அது. பிறகு மேட்டுப்பாத்தி போட்டு மக்கிய எரு சேர்க்க வேண்டும்.

பார் பிடித்து நடும்போது செடியை உச்சியில் நடாதீர்கள். வாய்க்கால் தண்ணீர் பாரின் இரு பக்கமும் ஏறும்போது உப்பு உச்சியில்தான் சேரும். பக்கச் சரிவில் நட்டால் தப்பிக்கும். நட்டபின் வைக்கோலோ காய்ந்த இலையோ கொண்டு மூடாக்குப் போடுங்கள். வெயில் மண்ணைத் தொடாவிட்டால் ஈரம் ஆவியாகாது, உப்பும் மேலே ஏறாது. ஜிப்சம் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். மண் பரிசோதனை செய்து, சோடியம் அதிகம் என்று தெரிந்தால் மட்டும் போட வேண்டும். ஒவ்வொரு மண்ணுக்கும் அது தேவைப்படாது.

காய் வாரியாகச் சில குறிப்புகள்

கத்திரி: இரண்டடி இடைவெளி. நட்ட 55 முதல் 60 நாளில் முதல் காய். நம் மாவட்டத்தில் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் 'பாலூர் 1' என்ற ரகத்தையும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 'அண்ணாமலை' என்ற ரகத்தையும் தந்திருக்கின்றன. நம்ம ஊர் பெயரிலேயே கத்திரி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

வெண்டை: ஒன்றரை அடி வரிசையில் ஓரடிக்கு ஒரு விதை. 45 நாளில் காய். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும், செடியும் காய்ப்பதை நிறுத்திக்கொள்ளும்.

பாகல், புடலை, பீர்க்கு: ஒன்றரை அடி அகல ஆழக் குழி எடுத்து எரு நிரப்பி, குழிக்கு இரண்டு கன்று. பந்தல் வேண்டும். பூ பூத்து உதிர்ந்தால் பயப்படாதீர்கள். முதலில் வருவது ஆண் பூ, அது உதிரத்தான் செய்யும். பெண் பூவுக்குக் காம்பில் குட்டிப் பிஞ்சு இருக்கும். தேனீ வராவிட்டால் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிடலாம். பாகலுக்குக் காலையில், பீர்க்குக்கும் புடலைக்கும் சாயங்காலத்தில். அவை பூக்கும் நேரம் அது.

தட்டைப்பயறு: முதல்முறை தோட்டம் போடுகிறவர்கள் இதில் தொடங்குங்கள். உப்பையும் தாங்கும், காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சில் சேர்த்து மண்ணையும் வளமாக்கும்.

கீரை: முளைக்கீரை 25 நாளில் பறிக்கலாம். தோட்டத்தில் நம்பிக்கை வர இதைவிடச் சுருக்கமான வழி இல்லை!

விதை யாருடையது?

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது நான் பிறக்கவில்லை. எங்கள் ஆயா சொல்லித்தான் தெரியும். அடுப்பங்கரைப் பரணில் ஆயா ஏழெட்டுக் கலயம் வைத்திருந்ததாம். ஒவ்வொன்றிலும் ஒரு விதை, சாம்பலோடு கலந்து. தண்ணீர் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. பிறகு அரிசி வந்தது, பாய் வந்தது, பாத்திரம் வந்தது. "ஆனா என் அவரை வெதையை எவன் கொண்டாந்து குடுப்பான்?" என்று ஆயா அழுததாம். கடைசியில் புவனகிரியில் கட்டிக்கொடுத்திருந்த தங்கச்சி வீட்டில் அதே அவரை இருந்தது. பல வருஷத்துக்கு முன் ஆயா கொடுத்த விதையின் வாரிசு. ஒரு சுருக்குப்பையில் முடிந்துகொண்டு வந்தது. இப்போது எங்கள் பந்தலில் இருப்பது அந்தக் கொடியின் பிள்ளைகள்தான். கொடுத்து வைத்ததால் மிஞ்சியது.

கடையில் விதை பாக்கெட் வாங்குவது தப்பில்லை. ஆனால் படித்து வாங்குங்கள். 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம் வந்தது. அதன்படி பாக்கெட்டில் முளைப்புத்திறன், பரிசோதித்த தேதி, எதுவரை செல்லும் என்ற விவரம் இருக்க வேண்டும். முளைப்புத்திறன் கத்திரி, தக்காளிக்குக் குறைந்தது 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய், பாகல், புடலைக்கு 60. சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை, உண்மைநிலை விதைக்குப் பச்சை அட்டை. எங்கள் அம்மாவுக்கு ஒரு கடையில் தேதி முடிந்த பாக்கெட்டைக் கொடுத்துவிட்டார்கள். படிக்கத் தெரியாதவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? வீட்டில் படித்தவன் இருந்தால் அந்த அட்டையை வாசித்துச் சொல்வது அவன் வேலை. விதை மேல் ரோஸ், பச்சை என்று சாயம் பூசியிருந்தால் அது பூசண மருந்து. கையைக் கழுவுங்கள், குழந்தைகள் வாயில் வைக்காமல் பாருங்கள்.

பாக்கெட்டில் 'வீரிய ஒட்டு' அல்லது 'எஃப்-1' என்று இருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வேறு வேறு ரகங்களைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை அது. நன்றாகக் காய்க்கும். ஆனால் அதன் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை ஒன்றுபோல் வராது. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று வெள்ளை, ஒன்று ஊதா என்று பிரிந்துபோகும். 1866-இல் மெண்டல் பட்டாணிச் செடியை வைத்து வெளியிட்ட கணக்கு இதுதான். எனவே எஃப்-1 வாங்கினால் ஒவ்வொரு வருஷமும் வாங்க வேண்டும். நாட்டு ரகமோ, பாலூர் 1 போன்ற ரகமோ என்றால் ஒருமுறை வாங்கினால் போதும். பிறகு நம் வீட்டு விதை.

விதை எடுப்பது எப்படி? நோயில்லாத நல்ல செடியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் நடுவில் வந்த காய்களைப் பறிக்காமல் விடுங்கள். ஆயா அந்தக் காயில் துணி கட்டிவிடும், யாரும் பறித்துவிடக்கூடாது என்று! கத்திரி மஞ்சளாகப் பழுத்ததும் பிசைந்து தண்ணீரில் போட்டால் நல்ல விதை அடியில் தங்கும், பொக்கு மிதக்கும். தக்காளிச் சாற்றை ஒருநாள் புளிக்கவைத்துக் கழுவினால் வழவழப்புப் போகும். வெண்டையும் அவரையும் செடியிலேயே காய வேண்டும். பீர்க்கும் சுரையும் கொடியில் காய்ந்து, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும். சுரையில் இரண்டு ரகம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தேனீ கலந்துவிடும். விதைக்கு விடும் பூவை மெல்லிய துணிப்பையில் மூடி, நாமே மகரந்தம் தொட்டுவிட வேண்டும்.

எடுத்த விதையைக் காலை வெயிலிலும் நிழலிலும் உலர்த்துங்கள். மத்தியானச் சிமெண்டுத் தரையில் போட்டால் கரு வெந்துவிடும். உலர்ந்ததும் சாம்பல் கலந்து காற்றுப் புகாத பாட்டிலில் வைக்கலாம். சாம்பல் ஈரத்தையும் உறிஞ்சும், வண்டையும் அண்டவிடாது. பாகல், பீர்க்கு விதையைப் பசுஞ்சாணியில் பதித்துச் சுவரில் ஒட்டிவைப்பதும் நம் பக்கத்துப் பழக்கம்.

விதைக்கும் முன் ஒரு பரிசோதனை. இருபது விதையை ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் எத்தனை முளைத்தது என்று எண்ணுங்கள். பதினாலு முளைத்தால் 70 சதவீதம். ஆய்வகத்தில் கான்கிரீட் கனசதுரத்தை உடைத்துப் பார்ப்பதுபோல, இதுவும் தரப் பரிசோதனைதான். இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை.

நண்பர்களே!

நம்மில் பலர் வீட்டில் முதல் தலைமுறைப் படிப்பாளிகள். "படிச்சுட்டு எதுக்குடா மண்ணுல நிக்கிற?" என்று நம்மைப் பார்த்துக் கேட்பார்கள். கேட்கிறவர்கள் நம் மேல் உள்ள ஆசையில்தான் கேட்கிறார்கள். ஆனால் நாம் படித்தால் ஆயாவின் கலயத்தை விட்டுவிட வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆயாவுக்கு 'சாம்பல் போடு' என்று தெரியும். ஏன் என்று நமக்குத் தெரியும். அதை எழுதிவைக்கவும் நமக்குத்தான் தெரியும். ஆயாவும் போய், கலயமும் போய்விட்டால் பிறகு யாரிடம் கேட்பது?

இந்த விடுமுறையில் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள வயதானவர்களிடம் என்ன விதை இருக்கிறது என்று கேளுங்கள். பெயர், விதைக்கும் மாதம், காய்க்கும் நாள் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, கொஞ்சம் விதை வாங்கி வாருங்கள். எங்கள் அவரை விதை தீப்பெட்டியில் போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன், பெட்டிக்குப் பத்து விதை. சிவில் மூன்றாம் ஆண்டு வகுப்பில் வந்து கேட்டால் தருவேன். விலை கிடையாது. அடுத்த தையில் காய்த்ததும் இரண்டு தீப்பெட்டி விதை எடுத்து, நமக்குப் பின்னால் வரும் ஜூனியர் இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுங்கள். அதுதான் விலை.

வாருங்கள், விதைப்போம்!